கோழி அடையும் நேரம்

இந்த மலருக்குக் கோழியைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் மலர்க்குழு நண்பர் ஒருவர், “சோழரைப் பத்தி எழுதுவீங்கன்னு பார்த்தா கோழியைப் பத்தியா?” என்று சிரித்தார். “சோழர் இருந்த உறையூருக்கே கோழின்னு ஒரு பேரு உண்டே” என்று சொல்லித் தப்பித்தேன். ஆனால் நான் எழுத வந்தது உறையூரைப் பற்றி அன்று. திருவனந்தபுரத்தில், திருமலைப் பக்கம், எங்கள் வீட்டுப் பின்புறத்தில் ஐந்து கோழிக்குஞ்சுகள் எழுப்பிய ஒரு கேள்வியைப் பற்றி. அதற்கு விடை தேடப் போய், சங்க காலம் வரை நடக்க வேண்டியதாயிற்று.

ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஐந்து குஞ்சுகள் கொடுத்தார்கள். ஒன்றரை மாதக் குஞ்சுகள், இறகெல்லாம் முளைத்திருந்தது. ஒரு கம்பிக்கூடு வாங்கி வந்து, உள்ளே மூன்றடி உயரத்தில் குறுக்கே ஒரு கம்பு கட்டினேன். கோழி கம்பில் ஏறித் தூங்கும் என்பது சிறுவயதில் பார்த்த நினைவு. அப்போது கர்க்கடக மாதம், விடாத மழை. இருட்டியதும் ஐந்து குஞ்சுகளும் கம்பை ஏறிட்டும் பார்க்கவில்லை. கூட்டின் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துகொண்டன. மூன்றாம் நாள் காலையில் அடியில் இருந்த குஞ்சு மூச்சுமுட்டிச் செத்துக் கிடந்தது. மகள் அன்று பள்ளிக்கூடம் போகவில்லை.

என் அம்மாவுக்கு வயது எண்பது. தக்கலைக்கு அருகே ஒரு கிராமத்தில் காலமெல்லாம் கோழி வளர்த்தவர். “கம்புல ஏறித் தூங்கணும்னு இந்தக் குஞ்சுகளுக்குத் தெரியாதாம்மா?” என்று கேட்டேன்.

“தெரியாம இல்ல மக்கா. ஏறுன்னு சொல்லதுக்குத் தள்ளக்கோழி இல்ல” என்றார்.

இந்த ஒரு வரிக்குள் கோழி வளர்ப்பின் வரலாறே அடங்கியிருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது.

காட்டிலிருந்து வந்த பழக்கம்

கோழி மண்ணைக் கிளறி மேயும் பறவை. ஆனால் அது தூங்குவது மண்ணில் அன்று. நம் வீட்டுக் கோழியின் முதன்மை மூதாதை செங்காட்டுக்கோழி. பகலில் புதர்க்காட்டில் மேய்ந்துவிட்டு, பொழுது சாயும்போது மரக்கிளையிலோ மூங்கில் புதரிலோ ஏறி உறங்கும் இனம் அது. தரையில் நடமாடும் பூனை, நரி, கீரி இவற்றிடமிருந்து தப்ப அதற்குத் தெரிந்த வழி உயரம் ஒன்றே.

செங்காட்டுக்கோழி நம் தெற்கு மலைகளில் இல்லை. நம் பக்கத்தில் இருப்பது சாம்பல்நிறக் காட்டுக்கோழி. திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெய்யாறு, பேப்பாறை காடுகளில் விடியற்காலையில் அதன் குரலைக் கேட்கலாம். 1770-களில் புதுச்சேரிப் பக்கம் வந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னேராவின் பெயரையே அறிவியல் அதற்குச் சூட்டியிருக்கிறது. இந்தத் தென்னாட்டுப் பறவைக்கும் நம் வீட்டுக் கோழிக்கும் உறவு உண்டு. பல கோழி இனங்களில் காணும் மஞ்சள் தோலுக்கான மரபணு சாம்பல்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு காட்டியது.

கோழி எப்போது மனிதரோடு சேர்ந்தது? 2022-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னும் இடத்தில் கிடைத்த எலும்புகளே இதுவரை உறுதியாகத் தெரிந்தவற்றுள் பழைய வீட்டுக்கோழி எலும்புகள் என்கிறது. காலம் கி.மு. 1650 முதல் 1250 வரை. நெல்லும் தினையும் விளைந்த வயலைத் தேடிக் காட்டுக்கோழி தானாக வந்தது என்பது அவர்கள் கருத்து. அதாவது கோழியை நாம் பிடித்துக்கொண்டு வரவில்லை. தானியத்துக்காக அது வந்து ஒட்டிக்கொண்டது. தீனி மாறியது, முட்டையின் எண்ணிக்கை கூடியது, நிறம் பலவாயிற்று. மாலையானால் மேலே ஏற வேண்டும் என்ற உந்துதல் மட்டும் மாறவே இல்லை.

ஒக்கூர் மாசாத்தியார் பார்த்த மாலை

கோழி அடையும் நேரத்தைத் தமிழில் மிக நுட்பமாகப் பார்த்தவர் ஒரு பெண்பாற் புலவர். முந்தைய நாட்களில் தந்தையையும் கணவனையும் போரில் இழந்த பின்னும் தன் ஒரே மகனைக் களத்துக்கு அனுப்பும் தாயைப் புறநானூற்றில் பாடிய அதே ஒக்கூர் மாசாத்தியார்தான். குறுந்தொகையின் 139-ஆம் பாடல் அவருடையது. மருதத்திணை, தலைவனை வீட்டுக்குள் விடாமல் தோழி மறுத்துப் பேசும் இடம்.

அதில் வரும் உவமையைப் பாருங்கள். மாலை நேரம். வேலியோரம் காட்டுப்பூனைகள் பதுங்கி நிற்கின்றன. வீட்டில் வளரும் பெட்டைக்கோழி ஒன்று அவற்றைக் கண்டுவிடுகிறது. குஞ்சுகளோ எங்கே நுழைவது என்று தெரியாமல் ஒன்றோடொன்று ஒண்டி நிற்கின்றன. தாய்க்கோழி பதறிப்போய் அவற்றைக் கூவி அழைக்கிறது. காதுக்கு இனிமையில்லாத அந்தக் குரலைப் போல ஊரெல்லாம் பழிச்சொல் எழுகிறது, எங்கள் தெருப்பக்கம் வராதே ஐயா என்கிறாள் தோழி.

உவமை பழிச்சொல்லுக்காக வந்ததுதான். ஆனாலும் கோழி வளர்த்த வீட்டில் இருந்து பார்த்தவரால்தான் இப்படிச் சொல்ல முடியும். இதிலிருந்து மூன்று செய்திகள் கிடைக்கின்றன. ஒன்று, அக்காலத்து வீட்டில் கோழி அடைவதற்கென்று ஓர் இடம் இருந்தது. அப்படி ஓர் இடம் இருந்தால்தானே அதைத் தெரியாமல் குஞ்சுகள் தவிக்க முடியும்? இரண்டு, அந்த இடம் குஞ்சுகளுக்குப் பிறவியிலேயே தெரிந்ததன்று. மூன்று, அதைக் காட்டிக் கொடுப்பது தாயின் குரல். எங்கள் வீட்டுக் கூட்டின் மூலையில் ஒண்டிய ஐந்தும் சங்கப் பாட்டின் குஞ்சுகள்தான். கூப்பிட ஆள் இல்லை என்பது ஒன்றே வேறுபாடு.

பஞ்சாரமும் கொல்லாமரமும்

நாஞ்சில் நாட்டிலும் திருவனந்தபுரத்திலும் எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன் கோழி எப்படி அடைந்தது என்பதை அம்மா சொல்லக் கேட்டு எழுதுகிறேன்.

பொரித்த குஞ்சுகளைத் தாயோடு சேர்த்து ஒரு மாதம் பஞ்சாரத்தால் மூடி வைப்பார்கள். அந்த வயதில் குஞ்சுக்குக் கம்பு தேவையில்லை; தாயின் இறக்கைக்குள் இருக்கும் சூடுதான் வேண்டும். குஞ்சுக்கு இறகு முளைத்ததும் தாய்க்கோழிக்கே அடைகாத்த நினைப்புப் போய், பழைய இடத்தில் போய் ஏறத் தொடங்கும். கீழே நின்று கத்தும் குஞ்சுகளை அது குரல் கொடுத்துக் கூப்பிடும். முதலில் உரல், பிறகு விறகுக் கட்டை, பிறகு திண்ணைச் சுவர் என்று படிப்படியாகத் தாவிக் குஞ்சுகளும் ஏறிவிடும். “நாம ஒண்ணும் செய்யாண்டாம். தள்ளக்கோழி பாத்துக்கிடும்” என்பார் அம்மா.

வசதியுள்ள வீட்டில் கால் வைத்த மரக்கூடு இருக்கும். இல்லாத வீட்டில் கோழி கொல்லாமரத்திலோ முருங்கையிலோ ஏறிக்கொள்ளும். இரண்டு பருவமழை பெய்கிற ஊரில் இந்த உயரத்துக்குக் கூடுதல் பயனும் உண்டு. ஈரத்தரையில், தன் எச்சத்தின் மேலேயே படுக்கும் குஞ்சுக்கு ரத்தக்கழிச்சல் எளிதில் வரும். கம்பில் உட்கார்ந்த கோழிக்குக் கீழே எச்சம் விழுந்துவிடும். நெஞ்சும் காலும் உலர்ந்திருக்கும். கீரியும் பெருச்சாளியும் எட்டாது.

கழுத்தில் இறகே இல்லாத ஒரு நாட்டுக்கோழி இனத்துக்குத் திருவனந்தபுரம் வட்டாரம் பெயர்பெற்றது. வெக்கை தாங்கும் அந்த இனம் நம் பகுதியின் சொத்து என்பது இங்கே வாழும் நம்மில் பலருக்குத் தெரியாது.

மார்த்தாண்டத்தில் ஒரு முயற்சி

இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மார்த்தாண்டம் 1956 வரை திருவிதாங்கூரிலும், பின்னர் அதன் வழிவந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று எல்லை நகர்ந்தது. நம் குடும்பங்கள் பலவும் இருந்த இடத்திலேயே இருந்து ‘வெளிமாநிலத் தமிழர்’ ஆனது அன்றைக்குத்தான்.

அந்த மார்த்தாண்டத்தில் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. இயக்கம் ஒரு கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்தியது. அவ்வியக்கத்தின் முதல் இந்தியத் தேசியப் பொதுச்செயலாளரான சேலத்துத் தமிழர் கே.டி. பால் கிராமப் பணியில் காட்டிய அக்கறையின் தொடர்ச்சி அது. மையத்தை நடத்தியவர் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச். ஏழைக் குடும்பத்துக்குப் பெரிய முதலீடு இல்லாமல் வருமானம் தரும் தொழில்களாகத் தேனீ வளர்ப்பும் கோழி வளர்ப்பும் அங்கே கற்றுத்தரப்பட்டன. 1932-இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் வெளியிட்ட அவருடைய நூல் இந்த அனுபவங்களைச் சொல்கிறது. மார்த்தாண்டம் தேன் இன்றும் பெயரோடு விற்பனையாவதன் வேர் அங்கே இருக்கிறது.

வெளியூர் அறிவு வந்து உள்ளூர்க் கொல்லையோடு சேர்ந்த காலம் அது. கோழி அப்போதும் வீட்டைச் சுற்றித்தான் மேய்ந்தது. குஞ்சு தாயோடுதான் வளர்ந்தது. அடுத்து வந்த மாற்றம் அந்தத் தாயையே நீக்கிவிட்டது.

தாயில்லாக் குஞ்சுகள்

கோழி இல்லாமல் குஞ்சு பொரிக்கும் கலை புதியதன்று. எகிப்தியர் பழங்காலத்திலேயே பெரிய அடுப்பு அறைகளில் முட்டைகளை வைத்துப் பொரித்தார்கள். பிரான்சின் ரியோமூர் 1749-இல் இது பற்றி ஒரு நூலே எழுதினார். 1879-இல் கலிஃபோர்னியாவின் பெட்டலுமா என்ற ஊரில் லைமன் பைஸ் என்பவர் செய்த பொரிப்பான், இதைப் பெருந்தொழிலாக மாற்றியவற்றுள் ஒன்று. இருபதாம் நூற்றாண்டில் அது உலகெங்கும் பரவியது. நம் நாமக்கல்லின் பண்ணைகளும், கேரள அரசின் செங்கன்னூர் மையப் பொரிப்பகமும், திருவனந்தபுரம் குடப்பனக்குன்னில் உள்ள மண்டலக் கோழிப்பண்ணையும் அந்த வழியில் வந்தவை. கேரள மாநிலக் கோழி வளர்ச்சிக் கழகம் 1989-இல் ஏற்பட்டது. நகரத்து வீடுகளுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கோழி கொடுக்கும் திட்டங்கள் அதன் பின் வந்தன.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்தப் பொரிப்பான்கள் இல்லாவிட்டால் ஏழை வீட்டுக்கு முட்டை எட்டியிராது. ஆனால் இவற்றில் பிறக்கும் குஞ்சு கோழியையே கண்டதில்லை. விளக்கின் சூட்டில், ஒத்த வயதுக் குஞ்சுகளின் நடுவே, சமதரையில் வளர்கிறது. அதன் உலகத்தில் மேலே என்று ஓர் இடமே கிடையாது.

இது பின்னாளில் எவ்வளவு பாதிக்கும்? சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதற்கு விடை தருகிறது. ஒரு பிரிவுக் குஞ்சுகளுக்கு முதலிலிருந்தே கம்பு வைத்தார்கள். மற்றொரு பிரிவுக்கு எட்டு வாரம் வரை கம்பே கொடுக்கவில்லை. அதன் பிறகு எல்லாவற்றுக்கும் கம்பு கிடைத்தது. கோழிகள் வளர்ந்த பின், தீனியை வெவ்வேறு உயரத்தில் வைத்துப் பார்த்தார்கள். 40 செ.மீ. உயரத்தில் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. 160 செ.மீ. வரை உயர உயர, கம்பில்லாமல் வளர்ந்தவை பின்தங்கின. காலில் வலு இல்லாததால் இப்படி ஆகவில்லை, உயரத்தையும் தூரத்தையும் மனத்தில் கணக்கிடும் திறன் உரிய வயதில் வளராததே காரணமாகலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

முட்டைக்கோழிக்குக் கம்பு ஓர் உரிமை என்னும் அளவுக்கு இன்று சட்டமும் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 1999-இல் கோழிக்கு 15 செ.மீ. கம்பு என்று அளவு வகுத்தது. 2012 தொடக்கம் முதல் கம்பில்லாத பழைய வகைக் கூண்டுகளுக்கு அங்கே தடை.

நாங்கள் செய்தது

அம்மா சொன்னபடி, படித்ததையும் சேர்த்து, எஞ்சிய நான்கு குஞ்சுகளுக்கு இவற்றைச் செய்தோம். வீட்டில் கோழி வைத்திருக்கும் அன்பர்களுக்குப் பயன்படலாம்.

முதலில் கம்பை இறக்கினோம். மூன்றடியில் இருந்தது அரையடிக்கு வந்தது. அதற்குப் பின்னால் ஓரடியில் ஒன்று, ஒன்றரை அடியில் ஒன்று, ஏணி சாய்ந்தாற்போல. ஒன்றுக்கு நேர் மேலே மற்றொன்று இருந்தால் மேலே இருப்பதன் எச்சம் கீழே இருப்பதன் தலையில் விழும். இரண்டு விரற்கடைத் தடிமனுள்ள, முனை மழுக்கிய மரக்கட்டைதான் நல்லது. பிளாஸ்டிக் குழாய் வழுக்கும். ஒரு கோழிக்கு ஒரு சாண் இடம் விட்டால் தாராளம். முட்டையிடும் பெட்டி கம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உயரமான இடம் அதுதான் என்று எண்ணிக் கோழி அதிலேயே தூங்கி அசுத்தமாக்கிவிடும்.

அடுத்தது நேரம். நம் ஊரில் ஆண்டு முழுவதும் ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் பொழுது அடைந்துவிடும். சட்டென்று இருட்டினால் குஞ்சு நின்ற இடத்திலேயே ஒண்டிவிடும். ஆகவே கம்புக்கு மேலே ஒரு சிறு விளக்கை அரை மணி நேரம் எரியவிட்டோம். நன்றாக இருட்டிய பின் மகள் போய் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கம்பில் உட்கார வைப்பாள். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. உட்கார வைத்த இடத்தில் விடியும் வரை இருக்கும். மறுநாள் திரும்பவும் மூலைக்கு ஓடும். திரும்பவும் தூக்கி வைக்க வேண்டும். கோபப்படக் கூடாது.

மூன்றாவதுதான் முக்கியம். பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சியிடம் ஒரு முதிர்ந்த பெட்டைக்கோழியை இரவல் கேட்டோம். புதுக்கோழியால் நோய் வராமல் பார்த்து, சில நாள் தனியே வைத்துவிட்டுப் பிறகு கூட்டில் விட்டோம். அது முதல் மாலையே தயங்காமல் ஏறி, மேல்கம்பில் உட்கார்ந்து, ஒரு மாதிரி முனகியது. குஞ்சுகள் நான்கும் கழுத்தை நீட்டி அதைப் பார்த்தன. எட்டாம் நாள் இரண்டு தாமாக ஏறின. இன்னும் நான்கு நாளில் மற்ற இரண்டும்.

ஏறிப் பழகிய கோழி திடீரென்று ஏற மறுத்தால் அதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடக் கூடாது. கம்பின் இடுக்குகளில் பகலில் ஒளிந்திருந்து இரவில் ரத்தம் குடிக்கும் பேன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சேக்கை

நான்கும் ஏறிய அன்று மகள் வீட்டுக்குள் ஓடி வந்து, “ஆச்சி, எல்லாம் சேக்கேறியாச்சு!” என்று கத்தினாள்.

அம்மா முகம் சுளித்தார். “சேக்கேறியாச்சாம்! கோழி அடைஞ்சாச்சுன்னு சொல்லு மக்களே. நல்ல தமிழ் வராதா?” மகளின் முகம் வாடியது. நானும் வழக்கம்போல அம்மா பக்கம்தான் நின்றேன். வீட்டில் மலையாளம் கலக்காதே என்று நாளைக்குப் பத்து முறை சொல்கிறவன் நான்.

ஆனால் அன்றிரவு சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினேன். 1924 முதல் 1936 வரை வெளிவந்த பழைய தொகுதிகள். அப்பா வாங்கி வைத்தவை. ‘சேக்கை’ என்ற சொல் இருந்தது. படுக்கை, பறவையின் கூடு என்று பொருள். தங்குதல், உறங்குதல் என்னும் பொருளுடைய பழந்தமிழ் வினையிலிருந்து வந்தது. சங்கப் பாடல்களில் பயின்று வரும் சொல். பறவை இரவு தங்கும் இடத்தைச் சேக்க என்றும், அதில் ஏறுவதைச் சேக்கேறுக என்றும் மலையாளம் இன்றும் சொல்கிறது. நாம் பறவைக்கு அந்தச் சொல்லை விட்டுவிட்டு, அடைதல் என்பதைப் பிடித்துக்கொண்டோம். அதுவும் அழகான சொல்தான். அடைகாத்தலும் அடைக்கலமும் அதன் சுற்றம்.

அம்மா சொன்ன ‘தள்ளக்கோழி’யும் அப்படியே. தாயைத் தள்ளை என்பது குட்டநாட்டார் வழக்கு என்று நம் இலக்கண உரைகள் குறித்துவைத்திருக்கின்றன. குஞ்சைப் பிள்ளை என்று சொல்வதைத் தொல்காப்பிய மரபியலே ஒப்புகிறது. ஆக, எங்கள் வீட்டுக் கூட்டைச் சுற்றி ஆச்சியும் பேத்தியும் பேசிய சொற்கள் எல்லாமே ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை.

மறுநாள் அகராதியை மகளிடம் காட்டினேன். “அப்போ நான் சொன்னது தமிழா?” என்று கேட்டாள். “ரொம்பப் பழைய தமிழ்” என்றேன். ஆச்சியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்து, சேக்கை என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டாள். அவள் தானாக வந்து ஒரு தமிழ்ச் சொல்லை எழுதக் கேட்டது அதுதான் முதல் முறை.

மலையாளச் செய்தித்தாள்களில் இந்தச் சேக்கேறுக என்ற சொல்லை இன்னொரு பொருளிலும் காணலாம். ஓர் ஊரை விட்டு வேறிடம் போய்த் தங்கிவிட்டவர்களை அப்படிச் சொல்வார்கள். நம்மைப் போன்றவர்களைத்தான்.

பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லை என்று நம் கூட்டங்களில் அடிக்கடி வருந்துகிறோம். அப்படி வருந்தும்போதெல்லாம், மூன்றடி உயரத்தில் கம்பைக் கட்டிவிட்டுக் குஞ்சுகளைக் குறை சொன்ன என் நினைவு வருகிறது. கம்பைத் தாழ்த்திக் கட்டி, பொழுதோடு விளக்கேற்றி, மேலே ஒரு பெரியவர் உட்கார்ந்து குரல் கொடுத்தால் போதும். அது ஏறும். கொஞ்ச நாள் நாம்தான் தூக்கி வைக்க வேண்டியிருக்கும்.

இரவல் கோழியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சேச்சி வாங்கிக்கொள்ளவில்லை. “அது அங்ஙன பழகிப் போச்சில்லே, இரிக்கட்டே” என்றார். அது இப்போதும் மேல்கம்பில்தான் இருக்கிறது.